பனி இறங்காத தை: மாமரம் எதற்காகக் காத்திருக்கிறது?

‘தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும்’ என்பார்கள். சில வருஷம் அது ஒரு பருத்திப் போர்வையைக்கூடத் துளைப்பதில்லை. பொங்கல் முடிந்து பத்து நாளாகியும் ராயக்கோட்டை பஸ்ஸில் காதுக்குத் துண்டு கட்டிய ஆளைக் காணோம். சூளகிரி மேட்டில் விடிகாலை லாரிகள் விளக்கை அணைத்துவிட்டே ஏறுகின்றன. கொட்டகைக்குப் பக்கத்தில் சருகு கூட்டித் தீக்காய யாரும் உட்காருவதில்லை. அப்படிப்பட்ட வருஷத்தில் கிருஷ்ணகிரி, காவேரிப்பட்டணம், போச்சம்பள்ளிப் பக்கத்துப் பெரியவர்கள் நாள்காட்டியைப் பார்ப்பதில்லை, தோப்புக்குப் போய் மாமரத்தின் நுனிக்கிளையை வளைத்துப் பார்க்கிறார்கள். “பனியே எறங்கல, பூ எங்கேருந்து வரும்?” என்று கேட்டுவிட்டு வருகிறார்கள்.

அந்தக் கேள்வியில் பாதி சரி, பாதி தவறு. எந்தப் பாதி எது என்று பிரித்துப் பார்க்கத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் சொல்லிலிருந்து தொடங்கலாம். காஷ்மீரில் மலையை மூடுவதும் பனிதான், காலையில் புல்நுனியில் நிற்பதும் பனிதான். சாலையை மறைக்கும் மூட்டமும், ஊட்டியில் புல்வெளியை வெளுக்கும் உறைபனியும் அதே பெயரில்தான் போகின்றன. பழைய இலக்கணம் ஆண்டை ஆறு பெரும்பொழுதாகப் பிரித்தபோது இரண்டுக்குப் பனியின் பெயரையே வைத்தது: மார்கழி, தை முன்பனி, மாசி, பங்குனி பின்பனி. அதாவது வருஷத்தில் மூன்றில் ஒரு பங்கு. பனிக்கட்டி விழாத ஒரு நாட்டில் குளிர்காலத்துக்கு வேறு பெயர் எதற்கு என்று நினைத்திருப்பார்கள் போலும். இந்த ஒரே சொல்லால் ஒரு குழப்பமும் வருகிறது. ‘இந்த வருஷம் பனி இல்லை’ என்று குல்மார்க்கில் ஒருவரும் ஓசூரில் ஒருவரும் சொன்னால், சொற்கள் ஒன்றாக இருக்கும், இழப்புகள் வேறாக இருக்கும்.

குல்மார்க்கின் இழப்பு கண்ணுக்குத் தெரியும். அங்கே டிசம்பர் 21இல் தொடங்கும் 40 நாளைச் ‘சில்லாய் கலான்’ என்கிறார்கள், கடுங்குளிர் என்று பொருள். அந்த 40 நாளில் விழும் வெண்பனிதான் கோடை வரை மலையில் நின்று மெல்ல உருகி ஆற்றுக்கு வரும். 2024 ஜனவரியில் அந்த நாட்களில் பனிச்சறுக்குச் சரிவுகள் காய்ந்த புல்லாகக் கிடந்ததைப் படங்களில் பார்த்தோம். 2025இல் அங்கே பிப்ரவரியில் நடக்க வேண்டிய கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுகள் போதிய பனி இல்லாமல் மார்ச்சுக்குத் தள்ளிப்போயின. இந்துகுஷ் இமயமலைத் தொடர் முழுவதிலும் 2024-25 குளிர்காலத்தில் நிலத்தில் தங்கிய பனி வழக்கத்தைவிட 23.6 சதவீதம் குறைவு, 23 ஆண்டுகளில் அதுவே மிகக் குறைவு என்று காத்மாண்டுவில் இயங்கும் பன்னாட்டு மலை ஆய்வு மையமான இசிமோட் சொன்னது. மத்தியதரைக் கடல் பக்கமிருந்து வரும் மேற்கத்திய இடையூறு என்ற காற்றுச் சுழல்கள்தான் அந்தப் பனிக்கு ஈரம் கொண்டுவருகின்றன. அவை வராமல் போனாலும் பனி இல்லை. வந்தும் காற்று கொஞ்சம் சூடாக இருந்துவிட்டால் பனியாக விழ வேண்டியது மழையாக விழுந்து அன்றே ஓடிவிடுகிறது. அங்கே எல்லாம் பூஜ்யம் டிகிரி என்ற ஒரு கோட்டில் நிற்கிறது. கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு டிகிரி போனால் சேமிப்பு, அந்தப் பக்கம் ஒரு டிகிரி போனால் செலவு.

இன்னொரு கோட்டின் கதையும் உண்டு. ஜெர்மனியில் ‘ஐஸ்வைன்’ என்றொரு ஒயின் செய்கிறார்கள். திராட்சையைக் கொடியிலேயே விட்டு, இரவில் குளிர் மைனஸ் 7 டிகிரிக்கு இறங்கியதும் உறைந்த பழத்தை இருட்டிலேயே பறித்துப் பிழிவது அதன் முறை. 2019-20 குளிர்காலம் ஐரோப்பாவில் அதுவரை பதிவானவற்றிலேயே மிகச் சூடானது. அந்தப் பருவத்தில் ஜெர்மனி முழுவதிலும் ஒரு தோட்டத்தில்கூட மைனஸ் 7 கிட்டவில்லை. அந்த ஆண்டின் ஐஸ்வைன் என்று ஒன்று இல்லாமலே போனது, அந்நாட்டு வரலாற்றில் முதல்முறையாக. மாஸ்கோவில் புத்தாண்டு விழாவுக்கு லாரியில் பனி கொண்டுவந்து கொட்டினார்கள். பிரான்சில் ஒரு சறுக்கு மலைக்கு ஹெலிகாப்டரில் 50 டன் பனி போனது. நமக்குச் சிரிப்பாக இருக்கலாம். ஆடிப்பெருக்குக்கு டேங்கரில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றிய ஊர்க்காரர்கள் சிரிக்க மாட்டார்கள். அந்தக் குளிர்காலத்துக்கு ஒரு காரணமாக ஆய்வாளர்கள் காட்டியது நம் வாசலில் இருக்கிறது. 2019 இறுதியில் இந்தியப் பெருங்கடலின் மேற்குப் பாதி அளவுக்கு மீறிச் சூடாகி, கிழக்குப் பாதி குளிர்ந்து கிடந்தது. அந்த ஏற்றத்தாழ்வு வளிமண்டலம் வழியாக வட அட்லாண்டிக் வரை போய், ஐரோப்பாவுக்குள் இளஞ்சூடான மேற்குக் காற்றைத் தள்ளிக்கொண்டிருந்தது.

ஆகவே குளிர்காலம் எங்கே கெட்டாலும் கணக்கு பார்க்க வேண்டியது சராசரியை அல்ல. எந்தக் கோட்டைத் தொட வேண்டும், தொட்டதா இல்லையா என்பதைத்தான். கிருஷ்ணகிரிக்கும் அப்படியொரு கோடு இருக்கிறது. அது உறைநிலையைவிட வெகு மேலே, ஏறக்குறைய 15 முதல் 20 டிகிரிக்குள், இரவில் மட்டும் தெரிகிற கோடு.

நம் பனி நீர்ச் சேமிப்பு இல்லை என்பதை முதலில் ஒத்துக்கொள்ள வேண்டும். தென்பெண்ணை நந்தி மலையில் பிறக்கிறது, காவிரி தலைக்காவிரியில். கிருஷ்ணகிரி அணைக்கோ ஒகேனக்கல்லுக்கோ வருவதில் ஒரு சொட்டுகூட உருகிய பனி இல்லை. புல்லில் நிற்கும் பனியும் பார்க்கத்தான் அதிகம். நன்றாகப் பெய்த ஒரு இரவில் 0.2 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால் ஓர் ஏக்கருக்குச் சுமார் 800 லிட்டர். தண்ணீர் லாரி ஒன்றில் அதைப் போலப் பதினைந்து மடங்கு வரும். அதுவும் வெயில் ஏறி ஒன்பது மணிக்குள் போய்விடும். ‘கொள்ளு பனியிலேயே விளையும்’ என்று தருமபுரியில் சொல்வது உண்டு. வேர் குடிப்பது ஐப்பசி, கார்த்திகை மழை மண்ணில் விட்டுப்போன ஈரத்தைத்தான். பனி செய்வது, காலை இரண்டு மூன்று மணி நேரம் இலையை நனைத்து வைத்து, உள்ளே இருக்கும் நீர் ஆவியாகாமல் காப்பது. வறண்ட சரளை மண்ணில் அது சின்ன உதவி இல்லை. ஆனாலும் பாசனம் என்ற பெயர் அதற்குப் பொருந்தாது.

அப்படியானால் பனியின் மதிப்பு என்ன? அது ஒரு சாட்சி. நேற்றிரவு வானம் திறந்திருந்தது, காற்று ஓய்ந்திருந்தது, தரை தன் சூட்டை மேலே விட்டு நன்றாகக் குளிர்ந்தது என்பதற்கு அடையாளம். மாமரம் எதிர்பார்ப்பது அந்தக் குளிர்ந்த இரவைத்தான், பனித்துளியை இல்லை. இரண்டும் ஒன்றாக வருவதால் நாம் துளிக்கே பெயர் கொடுத்துவிட்டோம். சில நாள் அவை பிரிந்தும் வரும். காய்ந்த வாடைக்காற்று விடாமல் வீசும் இரவில் குளிர் இறங்கும், காற்றில் ஈரமில்லாததால் புல் நனையாது. ‘பனி இல்லை’ என்று அன்று புலம்பினால் மரம் ஒத்துக்கொள்ளாது, அதற்கு வேண்டியது கிடைத்துவிட்டது. எதிர்மாறாக, மூட்டம் கட்டி, விடிகாலை சொதசொதவென்று இருந்தும் வெப்பமானி 20க்குக் கீழே இறங்காத நாளும் உண்டு. அன்று துளி இருக்கும், பயன் இருக்காது. பூ வந்த பிறகென்றால் கெடுதலே மிஞ்சும்.

நம் குளிர் எங்கிருந்து வருகிறது? பாதி உயரம் தருகிறது. ஓசூர் கடல்மட்டத்திலிருந்து 900 மீட்டருக்குப் பக்கத்தில் நிற்கிறது, தளி இன்னும் மேலே. ஒரு கிலோமீட்டர் ஏறினால் ஆறு, ஆறரை டிகிரி குறையும் என்பது பொதுக்கணக்கு. வெள்ளைக்காரன் தளியைக் ‘குட்டி இங்கிலாந்து’ என்று கூப்பிட்டதற்கு அந்த உயரமே காரணம், வேறு ஒற்றுமை எனக்குத் தெரிந்து இல்லை. மீதிப் பாதி காற்றும் வானமும் தருவது. தமிழில் நாலு திசைக் காற்றுக்கும் பெயர் உண்டு. வடக்கிலிருந்து வருவது வாடை, கிழக்கிலிருந்து வருவது கொண்டல். மார்கழி பிறந்ததும் கொண்டல் ஒதுங்கி வாடை பிடித்தால் மேகம் கலையும், இரவு தெளியும், தரை குளிரும். வங்கக் கடலில் அடுத்தடுத்துக் காற்றழுத்தத் தாழ்வுகள் உருவாகி, கொண்டல் தை வரைக்கும் நீண்டால் வானத்தில் மேகம் நின்றுவிடும். பகலில் வெயிலை மறைக்கும் அதே மேகம் இரவில் கம்பளி போல மூடிக்கொள்கிறது. தரை விடும் சூட்டை வாங்கி மறுபடி கீழே அனுப்புகிறது. அதனால்தான் மேகமூட்டமான மார்கழியில் பகல் இதமாகவும் இரவு புழுக்கமாகவும் இருக்கிறது. ‘பனி பெய்தால் மழை இல்லை, பழம் இருந்தால் பூ இல்லை’ என்ற பழமொழியைப் பாட்டி சொல்லும்போது வெறும் எதுகை என்று நினைத்தேன். இரண்டும் ஒரே வானத்தின் இரண்டு முகம் என்று பிறகுதான் பட்டது.

இதற்கெல்லாம் அடியில் மெல்ல உயர்ந்துகொண்டிருக்கிற ஒரு தரைமட்டம் இருக்கிறது. 1901இலிருந்து இந்திய வானிலைத் துறை வைத்திருக்கும் கணக்கில் 2024 நாட்டின் மிகச் சூடான ஆண்டு. அடுத்து வந்த 2025 பிப்ரவரியின் சராசரி வெப்பம் 22.04 டிகிரி, அந்த மாதத்துக்கு அதுவே உச்சம். 2023 பிப்ரவரியில் பகல் வெப்பம் அப்படி ஓர் உச்சம் தொட்டிருந்தது. கரியமில வாயு மேகத்தைப் போலக் கலைந்துபோவதில்லை. இரவில் தரை விடும் வெப்பத்தை மறிக்கும் வேலையை அது ஒருநாள் விடாமல் செய்கிறது. உலகம் முழுவதும் குளிர்ந்த இரவுகளின் எண்ணிக்கை குறைந்துகொண்டே வந்திருக்கிறது. உள்ளூர்க் காரணமும் ஒன்று உண்டு. ஓசூரில் வயலும் ஏரிக்கரையும் இருந்த இடத்தில் இன்று சிமெண்டும் தாரும். பகலில் வாங்கிய சூட்டை அவை நள்ளிரவு வரைக்கும் வைத்திருக்கும். பஸ் நிலையத்தில் நிற்பவருக்கும் கெலமங்கலம் சாலையில் பத்து கிலோமீட்டர் தள்ளி நிற்பவருக்கும் ஒரே மார்கழி இல்லை.

காஷ்மீரில் பனி விழாததால்தான் ஓசூரில் குளிர் குறைந்தது என்று டீக்கடையில் முடிச்சுப் போடுகிறார்கள். அப்படி நேர்க்கோடு எதுவும் கிடையாது. உயர்ந்துவரும் அந்தத் தரைமட்டம் இரு இடத்துக்கும் பொது, அவ்வளவே.

இனி மாமரத்துக்கு வருவோம். ஆப்பிளுக்கும் குளிர் வேண்டும், மாவுக்கும் வேண்டும் என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறோம். இரண்டும் குளிரை வேறு வேறு காரியத்துக்குக் கேட்கின்றன. ஆப்பிள் மரம் இலையுதிர்த்துத் தூங்குகிறது. பூமொட்டு முந்தின கோடையிலேயே உள்ளே உருவாகிவிட்டது. அது கண்விழிக்க 7 டிகிரிக்குக் கீழே பல நூறு மணி நேரம், பல ரகங்களுக்கு ஆயிரம் மணி நேரம் வரை, கழிய வேண்டும். மாமரம் தூங்குவதே இல்லை. அதன் நுனிமொட்டு கார்த்திகையிலும் இன்னும் முடிவெடுக்காமல் இருக்கிறது: கொழுந்தாகலாம், பூங்கொத்தாகவும் ஆகலாம். எந்தப் பக்கம் சாய்வது என்பதைத் தீர்மானிப்பதில் குளிருக்குப் பங்கு உண்டு. அறைக்குள் வெப்பத்தைக் கட்டுப்படுத்திப் பார்த்த சோதனைகளில் பகல் 15, இரவு 10 டிகிரியில் வைத்த மரங்கள் பூத்தன. பகல் 30, இரவு 25 டிகிரியில் வைத்தவை கொழுந்துதான் விட்டன. குளிரை உணர்வது மொட்டு என்று நினைப்போம், உண்மையில் உணர்வது முதிர்ந்த இலை. இலையில் உண்டாகும் ஒரு செய்தி சாறோடு ஓடி மொட்டுக்குப் போகிறது. பட்டையை வளையமாக அறுத்து, இலைகளையும் உருவிவிட்ட கிளை எவ்வளவு குளிர் பட்டாலும் பூப்பதில்லை.

சரி, பகல் 15 டிகிரி கிருஷ்ணகிரியில் எந்தக் காலத்தில் இருந்தது? பிறகு எப்படி இங்கே மா பூக்கிறது? வெப்பமண்டலத்தில் மரத்துக்கு இன்னொரு வழி இருக்கிறது: கொழுந்தின் வயது. கடைசியாக விட்ட கொழுந்து நாலைந்து மாதம் முதிர்ந்து, கரும்பச்சையாகி, மரம் மறுபடி துளிர்க்காமல் அடங்கி நின்றால், 18, 20 டிகிரி இரவுகூடப் பூவுக்குப் போதும். அடங்கி நிற்க வைப்பது மண்ணின் காய்ச்சல். ஆக, இங்கே பூ என்பது முதிர்ந்த கொழுந்து, காய்ந்த மண், குளிர்ந்த இரவு மூன்றும் கார்த்திகைக் கடைசிக்கும் தைக்கும் நடுவில் ஒன்றுகூடுவது. ஒன்று கொஞ்சம் குறைந்தால் மற்றவை ஈடுகட்டும். மூன்றில் இரண்டு கைவிட்டால்தான் தோப்பு கொழுந்தாகத் தள்ளும்.

இங்கே உயரத்தைத் திரும்பப் பார்க்க வேண்டும். ஓசூர், தளிப் பக்கம் மார்கழி விடியலில் 12, 13 டிகிரி புதிதல்ல. இரண்டு டிகிரி கூடினாலும் குளிர் மிச்சம் இருக்கும். ஆனால் தோப்புகளில் பெரும்பகுதி அங்கே இல்லை. கிருஷ்ணகிரி, காவேரிப்பட்டணம், பர்கூர், போச்சம்பள்ளி, சந்தூர் எல்லாம் ஓசூரைவிட ஏறக்குறைய நானூறு மீட்டர் கீழே இறங்கிய தாழ்நிலம். அங்கே இரவுக்குளிர் போதும் என்ற கோட்டை ஒட்டியே நிற்கிறது. மேலே இருப்பவர் ‘இதமான குளிர்காலம்’ என்று சொல்லும் அதே இரண்டு டிகிரி, கீழே கோட்டைத் தாண்டிவிடுகிறது. ஒரே மாவட்டம், ஒரே தை, இரண்டு விதமான விளைவு.

கோடு தாண்டினால் மரம் பூக்காமல் நின்றுவிடும் என்று சொல்லவில்லை. தவணை முறையில் பூக்கும். தெற்குக் கிளை பூக்க, வடக்குக் கிளை கொழுந்து விடும். பூங்கொத்தின் நடுவிலேயே இலை முளைத்த கலப்புக் கொத்தும் வரும்.

இன்னொரு பக்கத்தையும் சொல்லாவிட்டால் கணக்கு நேர்மையாக இராது. பூ வந்த பிறகு குளிர் தொடர்வது மாவுக்கு நல்லதல்ல. கடுங்குளிரில் மகரந்தம் வலுவிழக்கிறது. கொத்தில் ஆண்பூ கூடி, காய்பிடிக்கும் இருபால் பூ குறைகிறது. மகரந்தம் சுமக்கும் ஈக்கள் நடமாடுவதில்லை. விடிபனி கொத்தில் தங்கினால் சாம்பல் நோய் வரும், பூ கருகும். தத்துப்பூச்சியின் தேன்போன்ற கழிவு படிந்த இலையில் கரும்பூசணம் ஏறும். மரத்தைக் கேட்டால் முதல் ஒன்றரை மாதம் நல்ல குளிர், பிறகு பனி விலகிய இளவெயில் என்று சொல்லும். மார்கழி குளிர்ந்து மாசி இதமாக இருந்தால் அது நல்ல வருஷம். மார்கழி புழுங்கி மாசியில் மூட்டம் போட்டால் இரண்டு பக்கமும் அடி. ‘மிதமான குளிர்காலம்’ என்ற ஒரே பெயரில் இந்த இரண்டும் அடங்கிவிடுகின்றன என்பதுதான் அந்தப் பெயரின் குறை.

நடந்ததை வைத்தே பார்க்கலாம். 2023-24 குளிர்காலம், பசிபிக் கடல் சூடேறும் எல் நினோ ஆண்டில் வந்தது, அதன்பின் கடும் கோடை. 2024இல் கிருஷ்ணகிரியில் மா விளைச்சல் சரிந்து விவசாயிகள் நிவாரணம் கேட்டார்கள். அதே ஆண்டு டிசம்பர் 2 காலை முடிந்த 24 மணி நேரத்தில் ஃபெஞ்சல் புயலின் எச்சம் ஊத்தங்கரையில் 503 மில்லிமீட்டர் கொட்டியது. பூவுக்கு மண் காய வேண்டிய மாதத்தில் அரை மீட்டர் மழை! ஜனவரியும் நாடு முழுவதும் சூடு, பிப்ரவரி உச்சம். புத்தகக் கணக்குப்படி 2025 மோசமாக இருந்திருக்க வேண்டும். ஆனால் அந்தக் கோடையில், நாம் பெங்களூரா, கிளிமூக்கு என்று சொல்லும் தோத்தாபுரி மா இந்தப் பக்கமும் சித்தூர்ப் பக்கமும் காய்த்துத் தள்ளியது. விலை விழுந்தது, வெளிமாநிலக் காய் வரக்கூடாது என்று சித்தூர் மாவட்டம் தடை போடும் அளவுக்குப் போனது. நம்மவர்கள் அந்த வருஷமும் சாலைக்கு வந்தார்கள், காய் கூடிப்போனதென்று.

குளிரின் பங்கு பொய்யா, அப்படியானால்? பொய்யில்லை. தோத்தாபுரியும் நீலமும் ஆண்டு தவறாமல் காய்க்கும் குணமுடையவை. முந்தின ஆண்டு காய்க்காத மரத்தில் கார்போஹைட்ரேட் இருப்பு கூடுதலாக இருக்கும், அடுத்த பூவுக்கு அது உந்துதல். அல்போன்சாவும் மல்கோவாவும் குளிருக்கும் முந்தின ஆண்டுச் சுமைக்கும் கூடுதலாக ஆட்டம் காண்பவை. தொழிற்சாலைக்கு அரைக்கிற தோத்தாபுரியே இங்கே பெரும்பரப்பில் இருப்பதால், சூடான குளிர்காலத்தின் அடி மாவட்டத்தின் மொத்த டன் கணக்கில் சில வருஷம் தெரியாமலே போய்விடும். இமாம்பசந்த் இரண்டு ஏக்கர் வைத்தவர் வீட்டில் தெரியும்.

தோத்தாபுரியின் அந்த உறுதிக்குப் பின்னால் ஒரு மருந்தும் இருக்கிறது. கல்டார் என்று கடையில் கேட்டு வாங்குவது, பேக்ளோபுட்ரசால் என்ற வளர்ச்சி ஒடுக்கி. ஆவணி, புரட்டாசியில் மரத்தைச் சுற்றி மண்ணில் ஊற்றினால் கொழுந்து விடும் ஹார்மோனை அடக்கி, குளிர் செய்ய வேண்டிய வேலையில் ஒரு பங்கை அதுவே செய்துவிடும். குளிர் போதாத இடத்தில் அது புத்திசாலித்தனமான ஏற்பாடு. அளவு மீறினால் கொத்து குறுகிக் கட்டிபோலாகிறது, மண்ணில் வருஷக்கணக்கில் தங்குகிறது. குளிர் குறையக் குறைய டோஸ் ஏறுகிறது என்பது என் கவலை. தோப்பைக் குத்தகைக்கு எடுப்பவருக்கு இரண்டு மூன்று போகம்தான் கணக்கு, மரம் அவருடையதில்லை.

மொச்சைக்கு இந்தத் தொல்லை இல்லை என்பது வேடிக்கை. அது இரவுக்குளிரைப் பார்ப்பதில்லை, பகல் குறுகுவதைப் பார்க்கிறது. நம் அட்சரேகையில் ஆனிப் பகலுக்கும் மார்கழிப் பகலுக்கும் வித்தியாசம் ஒன்றரை மணி நேரத்தை ஒட்டித்தான், அந்தச் சின்ன வேறுபாட்டை மொச்சைச்செடி தவறாமல் படித்துவிடுகிறது. வானம் சூடானாலும் சூரியனின் பாதை மாறாது. அதனால் எவ்வளவு புழுங்கிய மார்கழியிலும் பொங்கல் குழம்புக்குக் காய் வந்துவிடும், பிதுக்கம்பருப்புக்கு வீட்டில் எல்லாரும் உட்கார்ந்து தோல் நீக்கலாம். ‘பனி குடிக்காத காய்க்கு வாசமில்லை’ என்று மட்டும் எங்கள் வீட்டில் குறை சொல்வார்கள். மூட்டமான வருஷத்தில் அசுவினிப் பூச்சி கூடும் என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

ஓசூர் ரோஜாவின் சங்கடம் நாள் கணக்கு சார்ந்தது. பிப்ரவரி 14க்குச் சிங்கப்பூர், மலேசியா, ஐரோப்பா என்று போகும் தாஜ்மஹால் சிவப்பு ரோஜாவுக்கு டிசம்பரில் கவாத்து செய்கிறார்கள். வெட்டிய நாளிலிருந்து பூ வர எத்தனை நாள் என்பதை நிர்ணயிப்பது வெப்பம். குளிர்ந்த வருஷம் நாள் நீளும், பசுமைக்குடிலை மூடிச் சூடு பிடிப்பார்கள். இதமான வருஷம் நாள் சுருங்கி, ஜனவரிக் கடைசியிலேயே பூ விரிந்துவிடும், காம்பும் குட்டை, மொட்டும் சிறிது. காதலர் தினத்துக்குப் பத்து நாள் முந்தி வந்த ரோஜா, கல்யாண மாலைக்குப் போகிற விலைக்குத்தான் போகும். நிழல்வலை போட்டும் குளிரறையில் வைத்தும் கொஞ்சம் சமாளிக்கலாம், அதற்கும் செலவு.

பாலக்கோடு, ராயக்கோட்டைத் தக்காளியிலும் இதே சுருக்கம்: சூட்டில் ஒரே வாரத்தில் எல்லார் தோட்டமும் பழுத்துச் சந்தைக்கு வருகிறது, அப்புறம் விலையைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

ஒருவருக்கு மட்டும் இது நல்ல வருஷம். பட்டுப்புழுவுக்கு 24 முதல் 28 டிகிரி வரை இதம். சாதாரண மார்கழியில் புழு வளர்க்கும் மனையில் கரி அடுப்போ ஹீட்டரோ வைத்து இரவெல்லாம் காவல் இருக்க வேண்டும். குளிரில் புழு மந்தமாகத் தின்று கூடு கட்டும் நாள் தள்ளிப்போகும், குளிரும் ஈரமும் சேர்ந்தால் சுண்ணாம்புக்கட்டு நோய் பரவும். பனி இறங்காத தையில் அந்தச் செலவு மிச்சம், பட்டுக்கூடும் உரிய காலத்தில் தருமபுரி அங்காடிக்குப் போய்ச் சேரும். மல்பெரித் தோட்டமும் மாந்தோப்பும் வரப்புக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருக்கிற ஊர்களில் இதை ஒரே திண்ணையில் கேட்கலாம். ஒருவர் குளிர் வரவில்லையே என்பார், மற்றவர் வாயைத் திறக்க மாட்டார்.

மாசி பிறக்கும்போது தோப்புகளில் குத்தகைப் பேச்சு தொடங்குகிறது. வழக்கமாகப் பூவைப் பார்த்து விலை பேசுவார்கள்: மரமெல்லாம் மஞ்சள் பாய்ந்து நின்றால் ஒரு விலை, பாதி நின்றால் ஒரு விலை. இதமான குளிர்காலம் கழிந்த வருஷத்தில் ஒரே மரத்தின் ஒரு கிளையில் பட்டாணி அளவு பிஞ்சு, அடுத்ததில் இப்போதுதான் விரிந்த பூ, உச்சியில் செம்புநிறக் கொழுந்து. மருந்து அடிப்பவர் எதற்கு அடிப்பது என்று கேட்கிறார். பூவுக்கென்று அடித்தால் ஈக்கள் போகும், பிஞ்சுக்கென்று விட்டால் பூவைத் தத்துப்பூச்சி உறிஞ்சும். வியாபாரி மரத்தைச் சுற்றி இரண்டு முறை நடந்துவிட்டு, பங்குனி வரட்டும், பிஞ்சைப் பார்த்துப் பேசிக்கலாம் என்று முன்பணத்தைப் பையிலேயே வைத்துக்கொண்டு கிளம்புகிறார்.